கட்டுப்போடும் அறையின் பின்சுவர்

என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் எக்ஸ்பிரஸ். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு அவ்வளவு வேகமாகப் போவாராம். பெயர் அப்படியே நிற்கிறது, ஆள்தான் பாசஞ்சர் வண்டியாகிவிட்டார். இதைச் சொல்லி முதலில் சிரிப்பவரும் அவரேதான்.

சிரிக்கத் தெரியாத ஆளாக இருந்திருந்தால் அந்த வேலையில் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்க மாட்டார். காலையில் ஏழு மணிக்குப் போனால் சாயங்காலம்வரை நடை, நடை, நடை. அவசரப் பிரிவிலிருந்து எக்ஸ்ரே, எக்ஸ்ரேயிலிருந்து திரும்ப அவசரப் பிரிவு. நடுவில் ரத்தப் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடு, ரிப்போர்ட்டை வாங்கி வா, மறந்துபோன ஃபைலை ஓடிப்போய் எடுத்து வா என்று ஆளாளுக்கு ஏவுவார்கள். இரத்தப் பரிசோதனை நடக்கும் லேபும் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியை ஒரே ஆள் ஒரே மூச்சில் கட்டவில்லை. முதலில் ஒரு கட்டடம், பிறகு வந்தவர் அதற்குப் பக்கத்தில் ஒன்று, அதற்குப் பிறகு வந்தவர் கிடைத்த சந்தில் ஒன்று. மூன்றையும் ஒட்டவைக்க ஒரு நீளமான நடைவழி. வழி தெரியாமல் நோயாளியின் சொந்தக்காரர்கள் சமையலறைக்குள் போய் நிற்பது தினமும் நடக்கிற கூத்து.

அந்தப் பாதையில் ஸ்ட்ரெச்சர் தள்ள நான்கு பேர். நான்கு பேரும் ஆஸ்பத்திரி ஆட்கள் இல்லை, ஒப்பந்தக் கம்பெனி ஆட்கள். இவருக்கு ஸ்ட்ரெச்சரே அளவுகோலும் ஆகிவிட்டது. வீட்டில் பீரோவை நகர்த்தலாமா என்று கேட்டால், "அரை ஸ்ட்ரெச்சர் இடம்கூட இல்லையே" என்பார். பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று யாராவது வழி கேட்டால் ஸ்ட்ரெச்சர் கணக்கில் சொல்லிவிட்டு, அவர்கள் விழிப்பதைப் பார்த்துத் தானும் விழிப்பார்.

போன வருஷம் வலது முழங்கால் வீங்கியது. மருந்து தடவினோம், துணி சுற்றினோம், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம். அதே ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர் போகிற போக்கில் நிறுத்திப் பார்த்துவிட்டு, நடையைக் குறைக்கச் சொன்னார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரிடம் நடையைக் குறை என்றால் அவர் என்ன, பறந்தா போவார்? கம்பெனி சூப்பர்வைசர் காதுக்கும் விஷயம் போய்விட்டது. வருஷத்துக்கு ஒருமுறை ஆட்களின் உடம்பைச் சோதிப்பார்கள். "இந்த முழங்காலோட அடுத்த சோதனையை எப்படித் தாண்டப்போறே?" என்று அவர் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். இவர் வீட்டுக்கு வந்து அதையும் ஒரு ஜோக் மாதிரி சொன்னார். எங்கள் பெண் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அவள் படித்து முடிக்கிறவரைக்கும் இவர் அந்த வேலையில் நிற்க வேண்டும். எங்களுக்கு அதைத் தவிர வேறு வேண்டுதலே கிடையாது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டு சம்பாதிப்பதை வைத்து வீட்டில் விளக்கு எரியும், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இவர் காலை நீட்டிப் படுத்திருந்தார். பெண் தரையில் உட்கார்ந்து இயற்பியல் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒருவன் கிழக்கே இவ்வளவு நடக்கிறான், வடக்கே இவ்வளவு நடக்கிறான், அவன் இடப்பெயர்ச்சி என்ன, அதாவது கிளம்பின இடத்திலிருந்து நேர்கோட்டில் எவ்வளவு தள்ளி நிற்கிறான் என்று கணக்கு. எல்லாத் தூரத்தையும் கூட்டி எழுதி எழுதி அவளுக்கு விடை தப்பாகவே வந்துகொண்டிருந்தது. கடைசியில் புத்தகத்தைத் தூக்கிப் போட்டாள்.

"எவன்மா இப்படி நடக்கிறான்? கிழக்கே போறானாம், அப்புறம் தெற்கே போறானாம், அப்புறம் மேற்கே வர்றானாம். பைத்தியமா அவன்?"

"உங்க அப்பாதான் நடக்கிறார், தினமும்" என்றேன் நான். எரிச்சலில்தான் சொன்னேன். கை நிறையத் துவைத்த துணி இருந்தது.

அவள் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அவசரப் பிரிவு வாசல்லேர்ந்து எக்ஸ்ரே வாசல் வரைக்கும் எப்படிப் போவீங்க? ஒவ்வொரு திருப்பமா சொல்லுங்க."

இவர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். வாசலிலிருந்து நேராகப் பத்து ஸ்ட்ரெச்சர். வலது பக்கம் திரும்பி இருபத்திநாலு. அது பெரிய வழி, ஒரு பக்கம் முழுக்க வார்டுகள். திரும்ப வலது, பதினாலு. திரும்ப வலது, இருபத்தொண்ணு. அங்கே எக்ஸ்ரே.

"மூணு தடவையும் வலது பக்கமாப்பா?"

"ஆமா. மூணும் வலதுதான்." சொல்லிவிட்டு இவர் கண்ணைத் திறந்தார். இத்தனை வருஷத்தில் அதை அவர் சேர்த்து நினைத்துப் பார்த்ததே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நடுவில் எத்தனை கதவு, எத்தனை கூட்டம், எத்தனை பேர் வழி மறித்துக் கேள்வி கேட்கிறார்கள். திருப்பத்தை எவர் எண்ணுவார்?

அவள் காகிதத்தில் அம்பு போட ஆரம்பித்தாள். ஒரு அம்பு முடிகிற இடத்தில் அடுத்த அம்பைத் தொடங்க வேண்டுமாம். நேராகப் போன பத்தை வடக்கு என்று வைத்துக்கொண்டாள். அப்படியானால் அடுத்தது கிழக்கே இருபத்திநாலு, பிறகு தெற்கே பதினாலு, பிறகு மேற்கே இருபத்தொன்று. வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, தெற்கே நாலு மீந்தது. கிழக்கும் மேற்கும் அடித்துக்கொண்டு போக, கிழக்கே மூன்று மீந்தது. மூன்றும் நாலும் செங்கோணத்தில் நின்றால் குறுக்கே போகிற கோடு ஐந்து. இதை அவள் எங்களுக்கு இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை எனக்கே புரிந்தது.

"நீங்க தள்ளுறது அறுபத்தொம்பது ஸ்ட்ரெச்சர் தூரம்பா. ஆனா எக்ஸ்ரே உங்களுக்கு வெறும் அஞ்சு ஸ்ட்ரெச்சர் தள்ளித்தான் இருக்கு. அதுவும் நீங்க வாசல்லேர்ந்து கிளம்புறப்ப உங்க முதுகுக்குப் பின்னாடி."

முதுகுக்குப் பின்னால் என்றால் அவசரப் பிரிவுக்குள்ளேயே இருக்கிற கட்டுப்போடும் அறை. அதன் பின்சுவரில் ஆக்சிஜன் சிலிண்டர்களைச் சாய்த்து வைத்திருப்பார்கள். இவர் எழுந்து உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டே, "அந்தச் சுவத்துல ஒரு கதவு வெச்சா போதும்" என்றார். அவர் அப்படி ஆசையாகப் பேசி நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் இவர் ஒவ்வொரு நடைவழியையும் சரிபார்த்துக்கொண்டு வந்தார். எண்ணிக்கையில் பிசகே இல்லை. கூட வேலை பார்க்கிறவர்களில் ரேடியோ என்று ஒருவர் உண்டு. தூக்கத்திலும் பேசுகிறவர். அவர் வாயில் விழுந்த பிறகு விஷயம் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. எக்ஸ்பிரஸ் பொண்ணு கணக்குப் போட்டுச் சுவத்துக்குப் பின்னாடி இருக்கிறதைக் கண்டுபிடிச்சிட்டா என்று நர்ஸிலிருந்து கேன்டீன்காரர்வரை பேச்சு. நிர்வாக அதிகாரியம்மா, எங்கள் பெண் போட்ட அம்புப் படத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாராம். பழைய கட்டட வரைபடம் எதுவும் யாரிடமும் இல்லை. பராமரிப்புக்காரரைக் கூப்பிட்டு, முதலில் ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை போட்டுப் பாருங்கள், சரியாக வந்தால் கதவு வைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். இவர் அன்று இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். நான்தான் வேலை முடியட்டும், பிறகு ஆடலாம் என்று கடிந்துகொண்டேன். மனசுக்குள் நானும் ஆடிக்கொண்டுதான் இருந்தேன்.

ஓட்டை போட்ட கதையை ரேடியோ எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கொத்தனார் நெஞ்சுயரத்தில் உளி வைத்து இரண்டு செங்கல்லைப் பெயர்த்தார். எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தது. கொத்தனார் முதலில் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். அடுத்து இவர் பார்த்தார். எக்ஸ்ரே வாசலேதான், சந்தேகமே இல்லை. ஆனால் தெரிந்தது மனிதர்களின் உச்சந்தலை. பெஞ்சில் காத்துக்கொண்டிருந்தவர்கள் உதிர்ந்த சுண்ணாம்பைத் தலையிலிருந்து தட்டிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்களாம். அந்தப் பக்கத் தரை இந்தப் பக்கத் தரையைவிட ஓர் ஆள் உயரம் கீழே இருந்தது.

"கதவு வெச்சா பேஷன்ட்ட எறிஞ்சுதான் பிடிக்கணும்" என்றார் ரேடியோ. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். அவர் தானாக வாயை மூடி நான் பார்த்தது அன்றுதான்.

மூன்றாவது வழி, அந்தப் பதினாலு ஸ்ட்ரெச்சர் நீள வழி, முழுக்கச் சரிவு. போகும்போது ஸ்ட்ரெச்சரைப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும், வரும்போது முழங்காலை ஊன்றித் தள்ள வேண்டும். இவர் காலைத் தின்றதே அந்தச் சரிவுதான். பெண் இடது வலது கேட்டாள், நீளம் கேட்டாள். மேலா கீழா என்று கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. காகிதம் தட்டையாக இருந்தது, அதனால் ஆஸ்பத்திரியையும் தட்டையாக நினைத்துவிட்டார்கள் இரண்டு பேரும்.

பெண் அழுதாள். திரும்பக் கணக்குப் போட்டாள். கீழே இறங்குகிறதையும் ஒரு அம்பாகச் சேர்த்தால் ஐந்து என்பது ஐந்தும் சொச்சமும் ஆனது. "தூரம் பெருசா மாறவே இல்லப்பா, ஆனா ஒண்ணுக்கும் உதவாமப் போச்சு" என்று திரும்ப அழுதாள்.

"நீ சரியாத்தான்மா போட்டே" என்றார் இவர். "தினமும் முழங்கால் எனக்குச் சொல்லிச்சு. நான்தான் உனக்குச் சொல்லலை."

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கட்டினவன்மேல் கோபம், கொத்தனார்மேல் கோபம், பாத்திரங்கள்மேல் கோபம். அன்று கழுவின பாத்திரங்களில் ஒன்றுக்கு இன்னும் நெளிவு போகவில்லை.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. பராமரிப்புக்காரர் புத்திசாலி. போட்ட ஓட்டையை அடைக்க வந்தவர், அடைக்காமல் யோசித்திருக்கிறார். ஆளைத்தானே இறக்க முடியாது, பாட்டிலை இறக்கலாமே? ஓட்டையை ஜன்னல் அளவுக்குப் பெரிதாக்கி, ஒரு கப்பி, ஒரு கயிறு, ஒரு சின்னப் பெட்டி வைத்தார். இங்கே நர்ஸ் ரத்தப் பாட்டிலைப் பெட்டியில் வைத்து இறக்கினால் அங்கே லேப் பெண் எடுத்துக்கொள்வாள். ரிப்போர்ட் அதே பெட்டியில் மேலே வரும். ஃபைலும் அப்படியே. பாதி நடை ஒரே நாளில் நின்றுபோனது.

எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச நாள் வெளிச்சம் வந்தது. முழங்கால் வீக்கம் வடிந்தது. இவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவுடன் தூங்கிவிடாமல் நான்கு வார்த்தை பேசினார். பெண் கல்லூரியில் சொல்லியிருக்கிறாள். அவளுடைய ஆசிரியர் அந்தப் படத்தைப் பலகையில் போட வைத்து, வகுப்புக்கே விளக்கச் சொன்னாராம். இடப்பெயர்ச்சி என்றாலே பயந்த பெண், அந்தப் பாடத்தில் முதலாவதாக வந்தாள்.

பிறகு ஒரு நாள் இவர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"வேலைய விட்டுட்டேன்" என்றார். "நானேதான். போதும்னு தோணிச்சு. இந்தக் கால வெச்சுக்கிட்டு எத்தனை நாள்?"

நான் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. பெண் படிப்பு பாதியில் நிற்கிறது, யாரைக் கேட்டு விட்டீர்கள், உங்களுக்குத் தோன்றினால் போதுமா, எனக்கு ஒரு நாளும் போதும் என்று தோன்றாதா, கடையில் நான் நிற்கிற கால் கால் இல்லையா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். எல்லாவற்றுக்கும், "ஏதாவது உட்கார்ந்து பார்க்கிற வேலை தேடிக்கிறேன்" என்று ஒரே பதில். பெண் அவர் பக்கம் நின்றாள். அப்பா ஓய்வெடுக்கட்டும் அம்மா என்றாள். மூன்று நாள் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

நான்காவது நாள் சூப்பர்வைசர் எங்கள் கடைக்கு வந்தார். கண்ணாடி மாற்ற வந்தவர் என்னைப் பார்த்ததும் தயங்கினார். உட்காரச் சொல்லி, ஃப்ரேமை மாட்டி, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் என் கைக்கு அரை அடியில் இருந்தது.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சும்மா" என்றார். "அந்தப் பெட்டி வந்தப்புறம் பாதி வேலை குறைஞ்சுபோச்சு, இன்னும் எதுக்கு நாலு பேருன்னு மேலே கேட்டாங்க. ஒருத்தர எடுத்தாகணும். முழங்கால் வீங்கினவர்னு ஏற்கெனவே ஆபீஸ்ல தெரியும். நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க?"

நான் ஃப்ரேமைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"நாந்தான் விட்டேன்னு வீட்ல சொல்லிக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லிடுங்கன்னு கேட்டுக்கிட்டார். சரின்னேன். உங்ககிட்டயாவது உண்மையைச் சொல்லியிருப்பார்னு நெனச்சேன்."

அந்த ஃப்ரேமை அப்படியே இரண்டாக முறித்துவிடலாம் போல இருந்தது. முறிக்கவில்லை. அளவு எழுதிக்கொண்டேன், கண்ணாடி ரெடியாக ஒரு வாரம் ஆகும் என்று சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு உள்ளே போய், லென்ஸ் தீட்டுகிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மூன்று நாளாக அவருக்கு முன்னால் தட்டை டங்கென்று வைத்த சத்தம்தான் எனக்குக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சண்டைக்குத் தயார் பண்ணிக்கொண்டேன். என்னிடம் எதற்கு மறைத்தீர்கள், நான் என்ன மூன்றாம் மனுஷியா என்று முதல் கேள்வி. அடுத்து என்ன கேட்கப்போகிறேன் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

வீட்டில் நாத்தனார் வந்திருந்தார். தம்பி வேலையை விட்டதைக் கேள்விப்பட்டு விசாரிக்க வந்தவர். பெண் அவர் முன்னால் காகிதத்தை விரித்துவைத்து அம்பு போட்டுக்கொண்டிருந்தாள். பத்து, இருபத்திநாலு, பதினாலு, இருபத்தொன்று. கடைசியாகக் கீழே இறங்குகிற ஒரு குட்டி அம்பு.

"இத மட்டும் நான் விட்டுட்டேன் அத்தை. ரெண்டு நாள் அழுதேன். ஆனா அதுவும் நல்லதாப் போச்சு. அதனாலதானே ஜன்னலும் பெட்டியும் வந்துச்சு? அது வந்ததாலதான் அப்பா கால் பொழைச்சுது. இப்ப முழு ஓய்வு வேற. எங்க சார் சொன்னார், இயற்பியல் படிச்சு நிஜமாவே ஒருத்தருக்கு உதவி பண்ணினது எங்க வகுப்பிலேயே நான் ஒருத்திதானாம்."

"கெட்டிக்காரி" என்று நாத்தனார் அவள் கன்னத்தைத் தட்டினார். "அப்பன் காலக் காப்பாத்திட்டா."

"ஆமாக்கா" என்றார் இவர். முழங்காலை மடக்கி நீட்டிக் காட்டவும் காட்டினார். "இப்ப வலியே இல்ல."

அப்போதுதான் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. பெண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் நான் லேசில் கொடுத்திருக்க மாட்டேன். அன்று கேட்டார், வாய் திறக்காமல்.

"அம்மா, நீயே சொல்லு, அப்பா கால் இப்ப எவ்வளவோ தேவலதானே?" என்றாள் பெண்.

"ரொம்பத் தேவலடி" என்றேன். பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. களைப்புதான் மிச்சம். அவருக்கும் அதேதான். இரண்டு பேரும் அவள் போட்ட அம்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் அத்தைக்கு முதலிலிருந்து இன்னொரு தடவை விளக்கினாள்.

ஒரு வாரம் கழித்து சூப்பர்வைசர் கண்ணாடியை வாங்க வந்தார். நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருப்பார். கடை ஓனரே சற்றுத் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார். என் வாய் அந்தத் தெரு முழுக்கப் பிரசித்தம். நான் கண்ணாடியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். பிறகு வாழ்க்கையில் யாரையும் கும்பிடாத கையை எடுத்து அவரைக் கும்பிட்டேன்.

"சார், எங்க பொண்ணு எப்பவாவது ஆஸ்பத்திரிக்கு வருவா, அந்த ஜன்னலைப் பார்க்கணும்னு. அவ போட்ட கணக்காலதான் அவ அப்பாவுக்கு வேலை போச்சுன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க. அந்த ரேடியோகிட்டயும் சொல்லி வைங்க."

அவர் சரி என்று தலையை ஆட்டினார். அடுத்து நின்றவருக்கு நான் ஃப்ரேம் எடுத்துக் காட்டினேன்.